குதிரைமசால் மின்னிய படம்

நெலிடாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரையில் எலியின் குடல் பளிச்சென்று மின்ன, டாக்டர் லெஸ்கானோ மாத்தே தேநீரை உறிஞ்சியபடி கதை அளந்துகொண்டிருந்தார்.

"பாத்தீங்களா? ஊசியில போட்ட நானோ துகள் நேராப் போயி குடல் கட்டியில உக்காந்திருக்கு. அகச்சிவப்பு ஒளியைக் கூட்டினா அந்தச் சூட்டுலயே கட்டி கருகிடும். கத்தியே வேணாம்."

அடப்பாவி, வாய் கூசவில்லையே!

அறுவை மருத்துவர் ஒலாவே அம்மாள், இந்த ஊசியைப் போட்டுப் பார்க்க ஆறு நோயாளிகளின் பெயர் இருந்த அனுமதித் தாளைப் படித்துக்கொண்டிருந்தார். மூன்றாவது பெயர் இர்மா, நெலிடாவின் தங்கை. கையெழுத்து விழுந்தால், திங்கட்கிழமை ஒலாவே அவளுக்குச் செய்யவிருக்கும் அறுவை சிகிச்சை நின்றுபோகும். கட்டி வயிற்றிலேயே வளரும்.

பதினேழு வருடமாக இந்த ஆய்வுக்கூடத்தில் எலி வளர்க்கிறவளுக்கு எந்த எலி என்ன தின்கிறது என்று தெரியாதா? வெளிநாட்டுத் தீவனம் சுங்கத்தில் மாட்டிக்கொண்டபோது, உள்ளூர்த் தீவனத்தைப் போடச் சொன்னதே இந்த லெஸ்கானோதான். இந்தக் கோர்தோபா ஊரில் உள்ளூர்த் தீவனம் என்றால் குதிரைமசால் என்ற பச்சைத் தீவனப் பயிர்தான். அதிலுள்ள பச்சையம் இந்தக் கேமராவில் தானாகவே மின்னும். இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். "நீ கூண்டைக் கழுவு, போதும்" என்றுவிட்டார்.

ஒலாவே பேனாவைத் திறந்தார்.

"கையெழுத்துப் போடாதீங்க டாக்டரம்மா!"

"நெலிடா, வெளிய போ," என்று லெஸ்கானோ சீறினார்.

"போறேன். ஒண்ணைக் காட்டிட்டுப் போறேன்."

அங்கியின் பையிலிருந்து ஒரு பிடி எலித் தீவனத்தை அள்ளிக் கேமராப் பெட்டிக்குள் போட்டாள். கதவை அறைந்து சாத்திப் பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒவ்வொரு துண்டும், சற்றுமுன் குடல் மின்னியதுபோலவே மின்னியது.

"இதுக்கு எந்த ஊசியப் போட்டீங்க டாக்டர்? தீவனத்துக்கும் கட்டி வந்திருக்கா?"

ஒலாவே லெஸ்கானோ பக்கம் திரும்பினார்.

"ஊசி போடாத எலியப் படம் எடுத்துப் பாக்கலையா நீங்க?"

"அது... அதுக்கு நேரமில்ல."

"பொய்!" நெலிடாவின் குரல் அறையை அதிரவைத்தது. "எடுத்தாரு. அதுவும் இப்படியேதான் மின்னுச்சு. 'இந்தப் படத்தை அழிச்சிடு'ன்னாரு. அந்த எலியப் பிடிச்சுக் குடுத்தவளே நான்தான்!"

ஒலாவே தாளை இரண்டாகக் கிழித்தார்.

"தங்கச்சிய ஞாயித்துக்கிழமையே ஆஸ்பத்திரியில சேத்துடுங்க," என்றார் நெலிடாவிடம்.