செருப்பு கையில்தான் இருந்தது

மாணவிகள் குதி உயர்ந்த செருப்பு அணிந்து பாடசாலைக்கு வரலாமா என்பதுதான் அன்றைய பெற்றோர் கூட்டத்தின் விடயம். பிரகலாதன் சுவரோரமாக ஒரு கதிரையில் அமர்ந்திருந்தார். லிங்கநகரில் வீட்டை விட்டுப் புறப்படும்போது மகள் கீர்த்தனி கட்டிலில் கிடந்தபடி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டிருந்தாள்.

“அப்பா, நான் ஹீல்ஸால விழேல்லை எண்டு சொல்லுங்கோ. எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ.”

நவராத்திரியில் பாடசாலையில் நடந்த வாணி விழாவுக்குக் கீர்த்தனியும் மற்ற உயர்தர வகுப்பு மாணவிகளும் சேலை உடுத்து, குதி உயர்ந்த செருப்போடு போயிருந்தார்கள். பிரதம விருந்தினர் நடந்து வருவதற்கு வாசலிலிருந்து மாடி மண்டபம் வரைக்கும் நிலபாவாடை விரித்திருந்தார்கள். படிகளின் மேலும் அந்த வெள்ளைத் துணி போயிற்று. விருந்தினர் மேலே வந்து அமர்ந்த பிறகு, வெறுமையாகிவிட்ட பன்னீர்ச் செம்பை நிரப்பிவரக் கீர்த்தனியைக் கீழே அனுப்பினார்கள். துணி அழுக்காகிவிடும் என்று அவள் படிக்கட்டின் உச்சியில் நின்று செருப்பைக் கழற்றினாள். ஒரு கையில் செருப்பு, மற்றக் கையில் செம்பு. கைபிடியைப் பற்ற அவளுக்குக் கை இருக்கவில்லை. ஒரு படியின் விளிம்பு வெகுநாளாக உடைந்திருந்தது. துணி அதை மூடியிருந்தது.

அவள் விழுந்ததை ஒருவரும் காணவில்லை. ஓடி வந்தவர்கள் கண்டது, கீழே கிடந்த பிள்ளையையும் பக்கத்தில் கிடந்த செருப்பையும்தான். இரண்டு சத்திரசிகிச்சைகளுக்குப் பிறகும் அவளது இடது கால் உணர்ச்சியின்றிக் கிடக்கிறது.

கூட்டம் சூடாகத்தான் தொடங்கியது.

“நாளைக்கு பாங்கில வேலைக்குப் போனால் போடத்தானே வேணும்? இப்பவே பழகட்டுமே,” என்றார் ஒரு தாய்.

“பழகிறதுக்குப் பள்ளிக்கூடமோ அக்கா? அப்ப லிப்ஸ்டிக்கையும் இஞ்சையே பழக்குவம்.”

ஆட்டோ ஓட்டும் லாபிர் எழுந்தார். “எண்ட மகள் இப்பவே என்னை விட உயரம். அதையும் போட்டா எண்ட ஆட்டோக்கு கூரையக் கழட்டத்தான் வேணும்.”

மண்டபம் சிரித்தது. பிறகு யாரோ பிரகலாதனைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்கியது. லாபிர் தலையைச் சொறிந்துகொண்டு அமர்ந்துவிட்டார்.

அதிபர் புஷ்பவதி ஒலிவாங்கியைக் கிட்ட இழுத்தார். “எங்கட பிள்ளை கீர்த்தனிக்கு நடந்தது இனி ஒரு பிள்ளைக்கும் நடக்கக் கூடாது. ஹீல்ஸைத் தடை செய்யிற தீர்மானத்தைப் பிரகலாதன் ஐயாவே முன்மொழிஞ்சா, அது பிள்ளைக்கு நாங்கள் செய்யிற மரியாதையா இருக்கும்.”

யாரோ கை தட்டினார்கள். மற்றவர்களும் தட்டினார்கள். பிரகலாதன் எழுந்தார்.

“மகள் ஹீல்ஸால விழேல்லை, மெடம். செருப்பு கையிலதான் இருந்தது. நிலபாவாடை ஊத்தையாகும் எண்டு கழட்டினவ. துணிக்குக் கீழ படி உடைஞ்சு கிடந்தது.”

துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. யாராவது எதிர்த்துக் கதைப்பார்கள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதற்கு மறுமொழிகளும் வைத்திருந்தார். அதிபர் மேடையை விட்டு இறங்கி அவரருகே வந்தார். அவருடைய கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன.

“விளங்குது ஐயா. எந்த அப்பாவுக்கும் அப்பிடித்தான் இருக்கும்.”

“பாவம் மனுசன்,” என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல்.

“அந்தப் படிக்கு இப்ப சீமெந்து பூசியிருக்கிறீங்கள், மெடம். வரேக்க கண்டனான்.”

“லீவுக்க எல்லாப் படியும் பூசினதுதானே ஐயா. இருங்கோ. தண்ணி குடிக்கிறீங்களோ?”

லாபிர் இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: “மெடம், புள்ளைக்கிட்ட ஒருக்கா கேட்டுப் பார்த்தா என்ன?”

“அதைத் திருப்பித் திருப்பி நினைக்க வைக்கிறது பிள்ளைக்குச் செய்யிற பாவம், லாபிர்.”

முன்வரிசைத் தாய் ஒருவர் தீர்மானத்தை முன்மொழிந்தார். செயலாளர் ரஜீவன் வழிமொழிந்தார். கைகள் உயர்ந்தன. லாபிர் நிலத்தைப் பார்த்தபடி தன் கையைத் தோளளவுக்கு உயர்த்தினார். ஏகமனதாக நிறைவேறியது என்று ரஜீவன் வாசித்தார். பிரகலாதனின் இரு கைகளும் முன்கதிரையின் முதுகில் இருந்ததை எவரும் கணக்கில் எடுக்கவில்லை.

தேநீருக்கு நிற்காமல் அவர் வெளியே வந்தார். மதிலோர நிழலில், நகருக்குள் திரியும் மான்கள் படுத்திருந்தன. அவற்றைச் சுற்றி மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் வீதியில் ஏற்றினார். சொன்னீங்களா என்று மகள் கேட்டால் சொன்னேன் என்று சொல்லலாம். அது பொய்யில்லை. நம்பினார்களா என்று கேட்டால் என்ன சொல்வது என்று உட்துறைமுக வீதி முடியும் வரை யோசித்தார்.

கீர்த்தனி ஒன்றும் கேட்கவில்லை. தலையணையில் சாய்ந்திருந்து போனை அவரிடம் நீட்டினாள். அவர் வந்துசேர முன்னரே வகுப்புக் குழுவில் தடை பற்றிய அறிவித்தல் வந்திருந்தது. அதில் அவளுடைய பெயர் இருந்தது. கீழே கும்பிடும் கைகள், அழும் முகங்கள். அவற்றுக்கும் கீழே ஒருத்தி எழுதியிருந்தாள்: ‘உன்னாலதான்டி எங்களுக்கு ஹீல்ஸ் போச்சு.’ பக்கத்தில் சிரிக்கும் முகம். அதற்கு எட்டுப் பேர் சிரித்திருந்தார்கள்.

“நான் சொன்னனான் பிள்ளை,” என்றார் பிரகலாதன். “எழும்பி நிண்டு சொன்னனான்.”

“ஓம் அப்பா.”

அவள் போனை வாங்கி எழுதத் தொடங்கினாள். நீளமாக எழுதினாள். அவருக்கு நிலபாவாடை என்ற சொல் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முழுவதையும் அழித்தாள்.

பிறகு, ‘எல்லாருக்கும் ஸொறிடி’ என்று எழுதி அனுப்பினாள்.