மலையில் கடைசி ஆள்

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறை. ஒரு பெயிண்டரின் ஒடிந்த முழங்கையை மடக்கிப் பிடித்தபடி ஈரத் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள் வெட்டுக்கிளி. மேஜையில் கிடந்த போன் மூன்றாவது முறையாக அலறியது. கையெல்லாம் மாவு. மூக்கு நுனியால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அவன் வெளிய வந்துட்டான்" என்றான் அண்ணன். "பதினாலு மாசம்னாங்க. பத்துலயே விட்டுட்டாங்க. உள்ள ரொம்ப நல்லபடியா நடந்துக்கிட்டானாம்."

"ஏம்மா, கை வலிக்குது" என்றார் பெயிண்டர். அவள் பிடி தானாக இறுகியிருந்தது.

வெட்டுக்கிளி, மலை ஓட்டக்காரர்கள் வைத்த பேர். ஏற்றத்தில் அவளை யார் வேண்டுமானாலும் முந்தலாம். இறக்கத்தில் முடியாது, பாறைக்குப் பாறை தாவிப் போய்விடுவாள். அதைப் பார்த்துத்தான் அவன் கோச்சாகப் பயிற்சி கொடுக்க வந்தான், பிறகு கல்யாணமும் செய்துகொண்டான். சாப்பிடும்போதுகூட ஸ்டாப்வாட்சைக் கழுத்திலிருந்து கழற்றாத ஆள். அவள் என்ன சாப்பிட வேண்டும், யாரோடு பேச வேண்டும் என்பதெல்லாம் அந்த வாட்ச் வைத்த சட்டம். போன வருஷம் ஒரு பந்தயத்தில் அவனைவிட நாலு நிமிஷம் முன்னால் வந்தாள். அன்று சாயங்காலம் சமையலறைத் தரையில் தள்ளி, இரும்பு டம்பெல்லால் அவளுடைய இடது கணுக்காலை மூன்று முறை அடித்தான். மூன்றாவது அடிக்கு முன்னால் நிறுத்தி, நிதானமாக மூச்சு வாங்கிக்கொண்டான்.

போலீஸ் இழுத்துப் போகும்போது மாடிப்படியில் நின்று சொன்னான்: "அது ஒண்ணு. இன்னொண்ணு இருக்கு. நீ இனிமே ஓட மாட்டே."

இரண்டு ஆபரேஷன், ஆறு ஸ்க்ரூ. முதலில் நொண்டி நடந்தாள், பிறகு நடந்தாள், எட்டாவது மாதம் ஓடினாள். "பயிற்சி பண்ணு, இந்த சீசன்ல பந்தயம் வேண்டாம்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய இலக்கு, வசந்தத்தில் வரும் ஐம்பது கிலோமீட்டர் மலை ஓட்டம். அதில் பேர் கொடுக்க வேண்டுமானால் வேறொரு பந்தயத்தில் ஒரு நாள் தொண்டு வேலை செய்திருக்க வேண்டும். அந்த வேலை இந்த ஞாயிற்றுக்கிழமை.

"போகாதேடி" என்றாள் அண்ணி, அன்று சாயங்காலம் துணி மடித்தபடி.

"வீட்டுக்குள்ள உக்காந்தா அவன் சொன்னது நடந்த மாதிரிதானே அண்ணி?"

"உனக்கு ரோஷம் முழுக்கக் கால்ல இருக்கு. மூளையை எங்க வச்சிருக்கேன்னுதான் தெரியல."

செவ்வாய்க்கிழமை மழையில் பத்து முறை மேடேறி இறங்கினாள். ஷூவைக் காய்வதற்காக வாசலில் வைத்தாள். புதன்கிழமை காலை எழுந்து பார்த்தால், இடது ஷூ வைத்தபடியே இருந்தது. வலது ஷூ பட்டை பட்டையாக, காய் நறுக்கியதுபோல வெட்டி வரிசையாக அடுக்கப்பட்டிருந்தது.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அந்தத் துண்டுகளைப் பேனாவால் புரட்டினார். "யாரு வெட்டினான்னு பாத்தீங்களா?"

"பாக்கல. ஆனா தெரியும்."

"தெரிஞ்சதுக்கெல்லாம் கேஸ் போட்டா இது ஸ்டேஷன் இல்லம்மா, செருப்புக்கடை" என்றார். பிறகு அவள் கணுக்காலில் இருந்த தழும்பைப் பார்த்தார். குரல் இறங்கியது. "ஞாயித்துக்கிழமை கிளம்புற இடத்துலயும் முடியிற இடத்துலயும் ஆளு போடுறேன். அடையாள அட்டை இல்லாம ஒரு ஓட்டக்காரனும் மலை ஏற முடியாது. போதுமா?"

வியாழக்கிழமை வெல்டரோடு நீண்ட ஓட்டம். அவளோடு ஓடுகிற ஒரே ஆள். பேச்சும் ஓட்டமும் ஒரே வேகம். பாதையெங்கும் பழுத்த இலை கணுக்கால் வரை கிடந்தது. அடியில் கல்லா குழியா என்று பாதம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"ஞாயித்துக்கிழமை நான்தான் கடைசி ஆள்" என்றான் வெல்டர். "ஆரஞ்சு கோட்டு போட்டுக்கிட்டு எல்லாருக்கும் பின்னால வருவேன். வழி காட்டக் கட்டின மஞ்சள் ரிப்பனை ஒவ்வொண்ணா அவுத்துக்கிட்டே வரணும். மலையைப் பெருக்கிட்டு வர்ற வேலை. உன் கூடாரம்தான் மேட்டு உச்சில. நான் வந்தா நீ கடையைக் கட்டிட்டு என்கூட இறங்கலாம்."

"அதுவரைக்கும் நான் நகரக் கூடாதா?"

"கூடாது. கடைசி ஆள் வராம எந்தக் கூடாரத்தையும் மூடக் கூடாது. அதுதான் சட்டம். நான் வழியில தூங்கிட்டா நீ அங்கேயே குடித்தனம் பண்ண வேண்டியதுதான்."

சனிக்கிழமை மதியம் அதே வெல்டரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வலது முன்கையில் இரண்டு எலும்பும் போயிருந்தன. கை நடுவில் இன்னொரு முழங்கை முளைத்ததுபோல வளைந்திருந்தது.

"பட்டறை முக்குல பின்னாடியிருந்து பைக்கால இடிச்சான்" என்றான், பல்லைக் கடித்தபடி. "இடிச்சதுல ஒண்ணும் ஆகல கிளி. விழுந்தப்புறம் வண்டியை நிறுத்திட்டு இறங்கி வந்தான். கையைக் கல்லு மேல இழுத்து வச்சு, இரும்புக் குழாயால அடிச்சான். ஹெல்மெட். ஒரு வார்த்தை பேசல."

கோச்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. என்னோடு ஓடியதற்காக அடித்திருக்கிறான் என்று நினைத்தாள். வேறெதற்காக இருக்கும்? எலும்பை இழுத்து நேராக்கி, கட்டுப் போட்டு முடிப்பதற்குள் மருந்து மயக்கத்தில் அவன் தூங்கிப்போனான்.

பந்தயத்தை நடத்துகிறவர் ஒரு விளையாட்டு மாஸ்டர், இந்த வருஷம்தான் ஊருக்குப் புதிதாக வந்தவர். அவருக்குப் போன் போட்டாள்.

"கேள்விப்பட்டேம்மா. கவலைப்படாதே, கடைசி ஆளுக்கு ஏற்பாடு ஆயிடுச்சு. வெல்டர் அனுப்பினதா ஒருத்தர் பேசினார். நல்ல அனுபவமுள்ள ஆள் மாதிரி இருக்கு."

வலியோடு வலியாக அதையும் செய்துவிட்டுத்தான் வந்திருக்கிறான் என்று வெல்டரை நினைத்துப் பெருமைப்பட்டாள். தூங்குகிறவனை எழுப்பிக் கேட்கத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. மேட்டு உச்சியில் ஒரு கூடாரம், மடக்கு மேஜை, தண்ணீர் கேன்கள், வாக்கிடாக்கி. முடிகிற இடம் அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் கீழே. கிளம்புகிற இடத்தில் அண்ணனும் இரண்டு போலீசும் நூற்று முப்பத்தெட்டு ஓட்டக்காரர்களின் முகத்தையும் அட்டையோடு ஒப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். தொண்டு செய்ய வந்தவர்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

தூறலில் ஒவ்வொரு எண்ணாக எழுதினாள். மதியத்துக்குள் நூற்று முப்பத்தேழு பேர் கடந்தார்கள். கடைசியாக வந்தவர் ஓய்வு பெற்ற பேங்க்காரர். இரண்டு தொடையும் பிடித்துக்கொண்டு, கூடாரத்துக்குள் சாக்குமூட்டை மாதிரி சரிந்தார்.

"முடியலையா மாமா?"

"முடியாமத்தானே வந்தேன். வீட்டுல ஒட்டடை அடிக்கச் சொன்னா உங்க அத்தை. அதுக்கு இது பரவாயில்லன்னு பேர் குடுத்தேன். இப்ப ஒட்டடையே பரவாயில்ல."

சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். எதிர்ச் சரிவில், பனிமூட்டத்துக்குள், ஆரஞ்சு கோட்டு ஏறி வந்துகொண்டிருந்தது. அப்பாடா என்று பதிவேட்டை மூடினாள்.

மூடிய கை நின்றது.

அவன் கடந்து வந்த பாதையில் மஞ்சள் ரிப்பன்கள் எல்லாம் அப்படியே ஆடிக்கொண்டிருந்தன. அடுத்த மரத்தைப் பார்த்தாள். அவன் ரிப்பனை உரசிக்கொண்டு போனான். கை அதன் பக்கம் போகவேயில்லை. தொண்டு வேலை ஒரு நாள் செய்தவன்கூட அப்படிப் போக மாட்டான். பந்தயத்தில் முதலில் வந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு, ரிப்பனை யார் கட்டினார்கள், யார் அவிழ்த்தார்கள் என்று வாழ்நாளில் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காத ஒருவன்தான் போவான். அடுத்த நொடி நடையும் தெரிந்தது. மூன்று எட்டுக்கு ஒரு தடவை வலது தொடையை உள்ளங்கையால் அழுத்தி ஏறுகிற நடை.

வெல்டரின் கை எதற்காக ஒடிந்தது என்று இப்போது புரிந்தது. அந்தக் கோட்டுக்காக.

"மாஸ்டர், போலீஸை மேல அனுப்புங்க" என்றாள் வாக்கிடாக்கியில். "கடைசி ஆளா வர்றது என் புருஷன்."

"முக்கால் மணி நேரம் ஆகும்மா… ஓடிடு!"

ஓடலாம். இறக்கத்தில் அவளைப் பிடிக்க அவனால் முடியாது. ஆனால் கூடாரத்துக்குள் மாமா கிடந்தார், எழுந்து நிற்கக்கூட முடியாமல். அவள் இல்லை என்றால் கோச் கையில் கிடைத்ததை அடிப்பான்.

"மாமா, என்ன சத்தம் கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க." ஜிப்பை இழுத்து மூடினாள். பாதையின் நடுவில் போய் நின்று விசிலை ஊதினாள். அவன் தன்னைப் பார்க்க வேண்டும். தன்னை மட்டும் பார்க்க வேண்டும்.

அவன் இருபது அடியில் வந்து நின்றான். முகம் மெலிந்திருந்தது. கழுத்தில் அந்த வாட்ச். கோட்டுக்குள்ளிருந்து இரும்புக் குழாயை உருவினான்.

"இளைச்சுட்டேடி" என்றான், அக்கறையாக. "ஒழுங்கா சாப்பிடுறதில்லையா?"

"நீங்க ரிப்பனை அவுக்கலயே" என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை. விளங்காததே கோபமாகிப் பாய்ந்தான். கூடாரத்தை விட்டு அவன் விலகட்டும் என்று அவள் ஒரு கணம் கூடுதலாக நின்றுவிட்டாள். குழாய் இடது கையில் விழுந்தது. இரண்டு விரல்கள் ஒடிந்த சத்தம் கேட்டது. வலி வருவதற்குள் திரும்பி, இறக்கத்தில் குதித்தாள்.

இலை, சேறு, பாறை, இலை. பின்னால் அவன் மூச்சு. முதல் வளைவில் பத்தடி, இரண்டாவதில் இருபது. பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் குழாயை வீசி எறிந்தான். அது அவள் முதுகில் அறைந்தது. முகம் பாறையில் மோத விழுந்தாள். வாயில் ரத்தம், நாக்கில் ஒரு பல்.

புரட்டிப்போட்டு நெஞ்சின் மேல் முழங்காலை ஊன்றினான். முகத்தில் குத்தினான். ஒன்று, இரண்டு. மூன்றாவதில் மூக்குத் தண்டு நொறுங்கியது. "ஓடுவியா? எங்க, இப்ப ஓடு பாப்போம்." பிறகு குழாயைப் பொறுக்கிக்கொண்டு வலது காலுக்காகக் கீழே நகர்ந்தான்.

காலைப் பிடிக்க வேண்டுமானால் நெஞ்சை விட்டு இறங்கியாக வேண்டும். இறங்கினான். அவள் இரண்டு முழங்காலையும் மார்புக்கு இழுத்து, மொத்த உடம்பையும் அதில் சேர்த்து உதைத்தாள். தாடையில் பட்டது. அவன் பின்னால் சாய்ந்து, இலையில் வழுக்கி, பாதையோரப் பள்ளத்தில் விழுந்தான். ஆள் உயர ஆழம். அடியில் பாறை. பச்சைக் கிளை முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

பிறகு அலறல்.

எட்டிப் பார்த்தாள். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. பாதம் எதிர்ப்பக்கம் பார்த்தது. குழாய் மேலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டாள். இடுப்பில் மாட்டியிருந்த வாக்கிடாக்கியில் இடத்தைச் சொன்னாள்.

"கிளி… குளிருது" என்றான். அவன் அழுது அவள் பார்த்ததில்லை.

தொண்டு வேலை செய்கிறவர்கள் எல்லாருடைய இடுப்புப் பையிலும் வெள்ளித்தாள் போர்வை ஒன்று இருக்கும். விழுந்தவனைப் போர்த்த வேண்டும், யாராக இருந்தாலும். பக்கவாட்டில் இறங்கிப் போனாள். குழாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து போர்வையை விரித்தாள்.

அவன் கை பாம்பு மாதிரி வந்து வலது கணுக்காலைச் சுற்றியது. மறு கையில் தேங்காய் அளவு கல். கல் உயர்ந்தது.

குழாயை இரண்டு கையாலும் பிடித்து, ஒடிந்த விரல்களும் சேர்ந்து பிடித்து, அந்த மணிக்கட்டில் இறக்கினாள். கல் விழவில்லை. மறுபடி அடித்தாள். விழுந்தது. கணுக்காலைப் பற்றிய கை விடவில்லை. அதையும் அடித்தாள். விட்டது.

பின்னால் நகர்ந்து நின்றாள். இன்னொரு அடி கையில் துடித்தது. அவன் தலை குழாய்க்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. சுற்றிலும் ஒரு ஈ காக்கா இல்லை. குழாயை ஓங்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு அதைத் தூரப் புதரில் எறிந்துவிட்டு, போர்வையை எட்ட நின்றே அவன் மேல் வீசினாள்.

"திரும்பி வருவேன்டி" என்றான், பல் கிடுகிடுக்க. "இன்னும் பத்து மாசம்…"

அவள் அந்தக் காலைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாக எலும்பு பார்க்கிற கண்.

"முழங்கால் மூட்டு வரைக்கும் பிளந்திருக்கு" என்றாள். மூக்கில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது சேரும். மடங்காது. கம்போட ரோட்டுல நடக்கலாம். மலை ஏற முடியாது."

அவன் முதன்முறையாகத் தன் காலைக் குனிந்து பார்த்தான்.

வாக்கிடாக்கி கரகரத்தது. "பாதி வழி வந்துட்டோம்மா. அங்கேயே உக்காரு, அசையாதே."

"இவனை நீங்க எடுத்துக்கங்க மாஸ்டர். மேல ஒருத்தர் தனியா இருக்கார்."

ஏற்றம் அவளுக்கு எப்போதும் ஆகாது. இன்று மூக்கால் மூச்சு விடவும் முடியவில்லை. வாயைத் திறந்து மழையையும் ரத்தத்தையும் சேர்த்து விழுங்கிக்கொண்டே ஓடினாள். இடது கால், வலது கால். இரண்டும் சொன்ன பேச்சைக் கேட்டன.

கூடாரத்தின் ஜிப்பை இழுத்தாள். பேங்க்காரர் மடக்கு நாற்காலியைக் கழற்றி, அதன் காலைத் தடி மாதிரி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் தடி நழுவியது.

"அய்யய்யோ… என்னம்மா இது?"

"அப்புறம் சொல்றேன் மாமா. எந்திரிங்க, இறங்கலாம். என் தோளைப் பிடிச்சுக்கங்க. இடது கையை மட்டும் தொடாதீங்க."