எழுவாய் இல்லாத பீப்பாய்கள்

1.

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காலையில் செய்தித்தாளைப் பிரித்தால் இப்படி ஒரு செய்தி: 'துறைமுகத்தில் வெளிநாட்டு நச்சுக் கழிவு இறக்கப்பட்டது. அருகில் வசிப்போர் பாதிக்கப்பட்டனர். நடவடிக்கை எடுக்கப்படும்.' மூன்று வாக்கியங்கள், மூன்று வினைகள், செய்தவர் என்று ஒருவர்கூட இல்லை. ஏதோ கழிவு தானே கப்பலேறி, தானே கடல் தாண்டி, தானே ஆளைத் தேடிப் போய்க் கடித்த மாதிரி. காபி ஆறிப்போனது. எனக்கு மனசு ஆறவில்லை.

பள்ளியில் 'தோன்றா எழுவாய்' படித்திருப்பீர்கள். 'வந்தேன்' என்றால் போதும், 'நான்' உள்ளே இருக்கிறது, சொல்லாமலே தெரியும். உலகச் சட்டம் இன்னொரு வகையைக் கண்டுபிடித்திருக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் சொல்லாத எழுவாய். (இலக்கணப்படி 'கழிவு'தான் எழுவாய் என்று வாத்தியார் திருத்தலாம், நான் தேடுவது செய்தவரை.)

2.

முதல் தொடக்கம்: மாலைச் சூரியன் துறைமுகத்தின் மேல் மெல்ல

(வேண்டாம். நஞ்சுக்கு எதற்குச் சூரியன்?)

இரண்டாம் தொடக்கம்: பீப்பாய்கள் இறக்கப்பட்டன.

(பாருங்கள், எனக்கும் தொற்றிக்கொண்டது. யார் இறக்கியது?)

இறக்கியவர் ஒரு கிரேன் ஓட்டுநர். பீப்பாய்களில் 'சாயப்பொடி'* என்று ஒட்டியிருந்தது. இறக்கச் சொன்னார்கள், இறக்கினார். பீப்பாய்கள் கசிந்து, கிடங்குக்குப் பின்னால் இருந்த குடியிருப்பில் குழந்தைகளுக்குக் கண் எரியத் தொடங்கியதும் ஜனங்கள் திரண்டார்கள், போலீஸ் வந்தது. அனுப்பிய கம்பெனியின் பெயர் வழக்கில் இல்லை. வாங்கிய கம்பெனி கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டது. வழக்கில் ஒரே ஒரு முழு வாக்கியம்தான் இருந்தது: 'கிரேன் ஓட்டுநர் இறக்கினார்.' பெரிய மனிதர்கள் எல்லோரும் செயப்பாட்டு வினைக்குள் பதுங்கிக்கொண்டார்கள், எழுவாயாக நிற்க அந்த மனிதர்தான் அகப்பட்டார். இப்போது சிறையில் இருக்கிறார்.

* சாயம் பிறகு வெளுத்தது.

3.

அதே குடியிருப்பில் வசிக்கும் ஓட்டுநருடைய மனைவிக்கு ஒரு அக்கா. அவள் மொழிபெயர்ப்பாளர். அதே நகரத்தின் மறுகோடியில், குளிரூட்டிய மண்டபத்தில், நாடுகள் கூடி நச்சுக் கழிவு பற்றி ஓர் ஒப்பந்தம் எழுதுகின்றன. அதை இந்த நாட்டு மொழியில் ஆக்குவது அவள் வேலை.

(தங்கை அங்கே, அக்கா இங்கே, ரொம்பச் செயற்கையாக இல்லையா என்கிறீர்கள். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒரு நாட்டில் காய்ச்சிய நஞ்சு இன்னொரு நாட்டுக் குழந்தையின் கண்ணில் விழுவது மட்டும் இயற்கையா? சும்மா இருங்கள்.)

ஒன்பதாம் பிரிவு நேற்றுவரை இப்படி இருந்தது: 'கழிவை அனுப்பிய நாடு அதைத் திருப்பி எடுத்துச் செல்ல வேண்டும்.' இது மட்டும் நிறைவேறினால் வழக்கு அனுப்பியவர் பக்கம் திரும்பும், உன் வீட்டுக்காரர் வெளியே வந்துவிடலாம் என்று வக்கீல் தங்கையிடம் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை நம்பித்தான் அவள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பிடிக்காத சொல்லை அடைப்புக்குறிக்குள் பூட்டி வைப்பார்கள். இன்று காலை '[கழிவை அனுப்பிய நாடு]' என்று பூட்டினார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் குறியும் இல்லை, உள்ளே இருந்ததும் இல்லை. 'கழிவு திருப்பி எடுத்துச் செல்லப்பட வேண்டும்.'

அக்கா நேரே ஒரு பிரதிநிதியிடம் போனாள். எந்தப் பிரிவு வந்தாலும் மென்மையாக்கச் சொல்வதால் அவருக்கு அவள் வைத்திருந்த பெயர் மென்மைக்காரர்.

"சார், யாரால எடுத்துச் செல்லப்படணும்?"

"அதை அந்தந்தச் சூழ்நிலை முடிவு பண்ணும்மா. வாசகத்தைக் கொஞ்சம் மென்மையாக்கியிருக்கோம், அவ்வளவுதான்."

"எங்க மொழியில ஆள் இல்லாம இந்த வாக்கியம் நிக்காது, சார்."

"நிக்க வைங்க. அதுக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க?"

(நிற்கும். எங்கள் மொழியிலும் ஜோராக நிற்கும். அவள் சொன்னது பொய். வேறு என்னதான் செய்வாள்?)

4.

முடிவு ஒன்று: தன் பிரதியில் 'அனுப்பிய நாடு' என்று துணிந்து தட்டச்சு செய்கிறாள். மண்டபமே கைதட்டுகிறது.

(எந்த மண்டபம்? ஒப்பிட்டுப் பார்க்கவென்றே அங்கே ஆள் வைத்திருக்கிறார்கள். சொல்லும் போகும், வேலையும் போகும்.)

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொண்டு அவள்

(மாட்டேன். இதுதான் தினமும் நடக்கிறதே, இதை எழுத நான் எதற்கு?)

5.

அதற்குள் தங்கையின் போன் வந்துவிட்டது.

"அக்கா, ஒன்பதாவது என்னாச்சு?"

அக்கா புதிய வாசகத்தை வாசித்துக் காட்டினாள்.

"எடுத்துச் செல்லப்படணும். சரி. யாருன்னு போட்டிருக்கு?"

"போடல."

தங்கை சிரித்தாள்.

"யாருன்னு போடலைன்னா யார் வேணும்னாலும் எடுத்துட்டுப் போகலாம்தானே? குடியிருப்பு ஜனமெல்லாம் சேர்ந்து லாரி பிடிச்சாச்சு. கிடங்குப் பூட்டையும் உடைச்சாச்சு."

"ஐயோ, தொடாதடி! தோலெல்லாம் வெந்துடும்!"

"எங்க பிள்ளைங்க கண்ணு எரிஞ்சப்போ இந்தப் பதற்றம் அங்க யாருக்கும் வரலையே. கையுறை போட்டிருக்கோம், விடு. இறக்கினதுக்கு அவரை உள்ள வச்சாங்க. ஏத்தினதுக்கு எங்க எல்லாரையும் வைக்கட்டும். எத்தனை பேரைத்தான் வைப்பாங்கன்னு பாத்துடலாம்."

போனை வைத்துவிட்டாள்.

6.

இது என் திட்டத்தில் இல்லை. ஆனால் லாரி கிளம்பிவிட்டது.

மண்டபத்துக்கு விட்டால் அங்கே கம்பிவேலி, துப்பாக்கி. நாளைய செய்தித்தாளில் 'கூட்டம் கலைக்கப்பட்டது' என்று வரும். அதை எழுத எனக்குக் கை வராது. கடலில் கொட்ட முடியாது. கிடங்குக்கே திருப்பினால் குழந்தைகள் இருக்கிறார்கள். அனுப்பியவன் வீட்டு வாசலில் கொண்டுபோய் இறக்க எனக்கு முழுச் சம்மதம். முகவரி கேட்டால் ஆளாளுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

'முடிவு வாசகரிடம் விடப்படுகிறது' என்று எழுதிவிட்டு நழுவலாம். வாக்கியத்தைக் கவனித்தீர்களா? மென்மைக்காரர் எழுதியது போலவே இருக்கிறது.

ஆகவே லாரியை உங்கள் தெருவில் நிறுத்தியிருக்கிறேன். நான் நிறுத்தினேன், யார் கேட்டாலும் அப்படியே சொல்லுங்கள். பீப்பாய் ஒன்று கசிகிறது. தங்கை இறங்கி வந்து உங்கள் கதவைத் தட்டுகிறாள்.

"இதை யார்கிட்ட குடுக்கணும்? பேரைச் சொல்லுங்க, போதும்."

சொல்லுங்கள். சொல்லாமல் கதவைச் சாத்தினீர்களானால் அதையும் எழுதுவேன், எழுவாயோடு.