வேலுவின் முறை

தம்பி சுகுமாறன் வாய் திறந்து ஒன்றைக் கேட்டு ஏழெட்டு மாதம் ஆகிவிட்டது. சோறு வேண்டுமா என்றால் தலையாட்டுவான், வேண்டாமா என்றாலும் அதே தலையாட்டல். அப்படிப்பட்டவன் ஒருநாள், "அக்கா, அந்தப் பழைய சண்டை கேம் ஆடணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டான். மலருக்குக் கால் தரையில் பாவவில்லை. குளுவாங் தொழிற்சாலையில் சம்பளம் போட்ட கையோடு, அவன் சொன்ன, கையில் பிடித்து கேம் ஆடும் கருவியை வாங்கிக்கொண்டு பாலோவில் இருக்கும் வீட்டுக்கு பஸ் ஏறினாள்.

பார்க்கக் கைப்பிடி வைத்த தட்டு மாதிரி இருந்தது. சுகுமாறனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, வலது கை வராது. இடது கட்டைவிரல் மட்டும் நன்றாக வேலை செய்தது. நெஞ்சுமேல் தலையணை வைத்து அதன்மேல் கருவியைச் சாய்த்தால், அந்த ஒரு விரலாலேயே அவனால் அம்புக்குறியை நகர்த்த முடியும்.

அதில் இருந்ததோ லினக்ஸ் இயங்குதளம். அவன் கேட்டதோ விண்டோஸுக்கென்று செய்த விளையாட்டு. செய்த கம்பெனி எப்போதோ கதவைச் சாத்திவிட்டது, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் காட்டாமலே. திருத்தவும் வழியில்லை, கேட்கவும் நாதியில்லை. 'வைன்' என்ற மென்பொருளை நடுவில் உட்கார வைத்து, இது விண்டோஸ்தான் என்று விளையாட்டை நம்ப வைக்க வேண்டும். பொய்யை நம்ப வைப்பது அந்த வீட்டுக்குப் புதிய வேலையல்ல.

சுகுமாறனும் அவன் நண்பன் வேலுவும் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர்கள். ஒரு வெள்ளிக்கிழமை ஊருக்குத் திரும்பும்போது சிம்பாங் ரெங்கம் அருகே செம்பனைக் குலை ஏற்றிய லோரி குறுக்கே வந்தது. மோட்டார் சைக்கிளை ஓட்டியவன் சுகுமாறன். பின்னால் இருந்த வேலு அந்த இடத்திலேயே போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் சுகுமாறன் கண் விழித்துக் கேட்ட முதல் கேள்வி, "வேலு எங்கே?" அப்பா மனோகரன் சட்டென்று, "அவனுக்கு லேசான அடிதாண்டா, சிங்கப்பூருக்கே போயிட்டான்" என்றார். தேறட்டும், பிறகு சொல்லலாம் என்றுதான். அந்தப் பிறகு வரவேயில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அதைச் சுற்றிச் சுற்றி எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. ரெங்கத்தில் இருக்கும் வேலுவின் அம்மா அங்கம்மா மட்டும் வரவில்லை. வந்தால் அழுதுவிடுவார், வர வேண்டாம் என்று மனோகரனே போய்க் கையெடுத்துக் கும்பிட்டிருந்தார்.

மலர் விஷயம் ஒருவருக்கும் தெரியாது. வேலு அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்தான். தீபாவளிக்கு வந்து அப்பாவிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருந்தான். சாவு வீட்டில் அவள் தம்பியின் நண்பனுக்கு அழுகிற அளவுக்குத்தான் அழ முடிந்தது. மீதியைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். வீட்டுக்குள் நுழைந்ததும் முகம் கழுவிக்கொள்வாள். தம்பிக்கு உடம்பு துடைக்கும்போது சில நாள், 'நீ ஏன் ஓட்டினே' என்று நெஞ்சுக்குள் ஒன்று எரியும். பாவி, என்ன நினைப்பு இது என்று தன்னையே திட்டிக்கொள்வாள்.

விளையாட்டு லேசில் மசியவில்லை. முதலில் கறுப்புத் திரை, பாட்டு மட்டும் கேட்டது. பிறகு படம் வந்தது, அம்புக்குறி காணாமல் போனது.

"அலமாக்! அக்கா, அதை விண்டோஸ் எக்ஸ்பின்னு மாத்து. ஆங், இப்ப படத்தைச் சின்னதாக்கு" என்று அவன் படுத்தபடியே வழி சொன்னான். கோட்டையும் ஆறும் குதிரைகளும் திரையில் வந்தபோது சுகுமாறன் சிரித்தான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனோகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது அதற்குப் பிறகுதான்.

சுகுமாறனின் பழைய கணினியிலிருந்து அவள் எடுத்துப் போட்ட கோப்புகளில், நண்பர்கள் இருவரும் பாதியில் விட்ட ஆட்டமும் இருந்தது. ஒருவன் தன் முறையை ஆடிவிட்டுக் கோப்பை அனுப்புவான், மற்றவன் தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து ஆடி, திருப்பி அனுப்புவான். சுகுமாறன் தன் முறையை ஆடி முடித்தான். அடுத்து வேலுவின் முறை என்று திரை பாஸ்வேர்ட் கேட்டு நின்றது.

"அக்கா, இதை வேலுவுக்கு அனுப்பிடு. என்னைப் பார்க்கத்தான் அவனுக்கு முகம் இல்ல. ஆடவாச்சும் செய்யட்டும்."

"சரி தம்பி, அனுப்புறேன்" என்றாள். வேறு என்ன சொல்வாள்?

மறுநாள் மத்தியானம் அவன் தூங்கும்போது, சார்ஜ் போடுகிற சாக்கில் கருவியைச் சமையலறைக்கு எடுத்துப் போனாள். வேலுவின் பாஸ்வேர்ட் அவளுக்குத் தெரியும். செண்டோல். ரெங்கம் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் முதல்முறை இருவரும் சேர்ந்து சாப்பிட்ட தேங்காய்ப்பால் ஐஸ். 'உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது லா' என்று சொல்லியிருந்தான். எழுத்து எழுத்தாகத் தட்டினாள். "வருக, வேலு" என்று திரை அவனை வரவேற்றது.

சுகுமாறன் தன் தெற்கு வாசலைத் திறந்தே போட்டிருந்தான். காவலுக்கு ஒரு ஆள் இல்லை. வேலுவின் குதிரைப்படை அதற்கு நேர் எதிரே நின்றது. ஒரு தட்டு தட்டினால் கோட்டை எரியும். விரல் அங்கே போய் நின்றது. அடிபட்டுக் கிடக்கிற பிள்ளையைப் படத்தில்கூட அடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. குதிரைகளை ஆற்றுப் பக்கம் ஓட்டிவிட்டு முறையை முடித்தாள்.

"வேலு ஆடி அனுப்பிட்டான்" என்று சாயங்காலம் கொடுத்தாள். அவன் திரையை நெடுநேரம் பார்த்தான். பிறகு தன் முறையை ஆடினான்.

அடுத்த முறை வேலுவின் படைக்கு நடுவே, சுகுமாறனின் ராஜா தன்னந்தனியாக நின்றார். மலர் அவரைச் சுற்றி நின்ற வீரர்களை ஒவ்வொருவராக விலக்கி, போக வழி விட்டாள்.

அன்று சாயங்காலம் திரையைப் பார்த்ததும் சுகுமாறன் கருவியை நெஞ்சிலிருந்து தள்ளிவிட்டான்.

"வேலு செத்துட்டான்தானே அக்கா?"

"ஏன் தம்பி அப்படியெல்லாம்..."

"அவன் என்னை விடவே மாட்டான். வாசலைத் திறந்து வெச்சா எரிச்சுட்டு, போன் போட்டுச் சிரிப்பான். அவங்கம்மா ஒருதடவைகூட வரல. எனக்கு சந்தேகம் இருந்துச்சு. அதுக்குத்தான் இந்த கேமையே கேட்டேன்."

மலர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தானே ஓட்டுனேன்" என்றான். உதடு கோணியது. பிறகு மெல்லக் கேட்டான். "அவன் பாஸ்வேர்டை நான் எத்தனை தடவை கேட்டிருக்கேன் தெரியுமா? என்கிட்டயே சொல்ல மாட்டான். உன்கிட்ட சொல்லியிருக்கான்."

அவள் சரிந்து கிடந்த கருவியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"இத்தனை மாசமா எனக்குச் சோறு ஊட்டி, உடம்பு துடைச்சு விட்டியே. என்னைப் பார்க்க எப்படிக்கா உனக்கு மனசு வந்துச்சு?" இடது கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்தான். "அழு அக்கா. இனிமே எனக்காக அடக்காதே."

மலர் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அந்த வீட்டுக்குள் அன்றுதான் வாய்விட்டு அழுதாள். "வேலு, வேலு" என்று பேர் சொல்லி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, அக்கம்பக்கம் கேட்கும்படி அழுதாள்.

கடைக்குப் போயிருந்த மனோகரன் சத்தம் கேட்டு ஓடி வந்தார். "என்னடா ஆச்சு? என்னம்மா?"

"விடுங்கப்பா" என்றான் சுகுமாறன். "அக்கா அவ புருஷனுக்கு அழுவுது."

மனோகரன் கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு வாசலிலேயே நின்றார். மகளைத் தொட்டுத் தூக்கவும் அவருக்குத் துணிவில்லை.