சீனியர் பெற்றுக்கொண்ட பிள்ளை

நர்ஸிங் கல்லூரியின் பிரசவப் பொம்மை, பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வன்று பிள்ளையைத் தர மறுத்துவிட்டது. அன்று காலையிலிருந்து கரண்டும் இல்லை. கல்லூரியில் முதலில் கரண்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள்.

தலை முதல் முழங்கால் வரை ரப்பர், வயிற்றில் திறந்து மூட ஒரு மூடி, உள்ளே ரப்பர் பிள்ளை, இதுதான் பொம்மை. கல்லூரி தொடங்கியபோது வந்தவள் இன்னும் பாஸாகாமல் படுத்தே கிடப்பதால் மாணவிகள் அவளைச் சீனியரக்கா என்றார்கள். அவளிடம் பிரசவம் பார்க்காமல் யாரும் நர்ஸ் ஆனதில்லை. கையுறை மாட்டி, "முக்குங்கம்மா" என்று சொல்லி, தலையைத் தாங்கி, தோளை இறக்கிப் பிள்ளையை எடுக்க வேண்டும். அடுத்து, துடைத்துத் தாயின் மார்பில் போட வேண்டும். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறதே. அதனால், "பிள்ளையைத் தாயின் மார்பில் போட்டுவிட்டேன், மேடம்" என்று வாயால் சொன்னாலே மார்க் விழுந்துவிடும். சொல்லி வாய் மூடுவதற்குள் பிள்ளை மறுபடி மூடிக்குள் போய்விடும், அடுத்தவள் பெற்றெடுக்க. கையையும் அங்கே வாயால்தான் கழுவினார்கள்.

மார்பில் போட்டுவிட்டேன் என்கிற அந்த ஒரு வாக்கியத்தில்தான் ட்யூப்லைட் என்ற மாணவி இரண்டு முறை தோற்றிருந்தாள். மதியம் சொன்ன ஜோக்குக்கு மறுநாள் சிரிக்கிறவள் என்பதால் வந்த பெயர். நிஜ வார்டில் வலியோடு வரும் பெண்கள் அவள் கையைப் பிடித்தால் விடுவதில்லை. பொம்மை முன்னால் நின்றாலோ, "போடாததை எப்படி மேடம் போட்டேன்னு சொல்றது?" என்று பிள்ளையும் கையுமாகக் குழம்பி நிற்பாள், நேரம் முடிந்துவிடும். மூன்றாவது முறையும் தோற்றால் பல்கலைக்கழகம் பெயரை அடித்துவிடும். அவள் அம்மா போனில் அந்த வாக்கியத்தை ஒரு வாரம் மனப்பாடம் செய்ய வைத்தாள். "சொல்லிட்டு வாயேன் பாப்பா. பொம்மை என்ன, எதிர்த்தா பேசப்போகுது?"

அன்று முதலில் போனவள் வகுப்பின் முதல் ரேங்க். இழுத்தாள், வரவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளரம்மா, வெயிலுக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டது என்று தீர்ப்புச் சொல்லி, மேஜையில் காலை முட்டுக்கொடுத்துத் தானே இழுத்துப் பார்த்தார். மூடியும் திறக்கவில்லை. ஸ்டோர்கீப்பர் எண்ணெய் கொண்டுவந்தார். கதவுக் கீலுக்குப் போடுவது. அந்த நேரத்தில் சீனியரக்காவின் நெற்றியில் வியர்வை அரும்பியது. அதற்கு எந்தப் படியில் மார்க் என்று யாருக்கும் தெரியவில்லை.

வார்டுப் பழக்கத்தில் ட்யூப்லைட் போய்த் துடைத்துவிட்டாள். "என்னக்கா, ரொம்ப வலிக்குதா?"

"வலி பழகிடுச்சு," என்றாள் சீனியரக்கா. "போட்டேன் போட்டேன்னு எல்லாரும் சொல்றீங்க. ஒருத்தியாவது போட்டாளா?"

தேர்வாளரம்மா இது பாடத்திட்டத்தில் உண்டா என்று முதல்வரைக் கேட்டார். முதல்வர், பழைய பாடத்திட்டத்தில் இருந்திருக்கலாம் என்றார். ஸ்டோர்கீப்பர் எண்ணெயை மூடி வைத்தார். ட்யூப்லைட்டுக்கு மட்டும் வாழ்க்கையில் முதன்முறையாக, மினுக்காமல் கொள்ளாமல், போட்டதும் எரிந்தது.

"நான் போடுறேங்க்கா. இப்ப முக்குங்க."

பிள்ளை வழுக்கிக்கொண்டு வந்தது. துடைத்து மார்பில் போட்டாள். பின்னாலிருந்து, "சீக்கிரம் உள்ள வைடி, அடுத்தது நானு" என்றாள் ஒருத்தி. வைக்க முடியவில்லை. சீனியரக்காவின் இரண்டு கைகளும் பிள்ளையைச் சுற்றி மடங்கியிருந்தன.

தேர்வாளரம்மா பேனாவோடு நின்றார். "செஞ்சுட்ட, சரி. ஆனா சொல்லலையேம்மா?"

ஒரு வார மனப்பாடமும் ட்யூப்லைட்டுக்கு அந்த நேரம் பார்த்துக் காற்றில் போயிருந்தது. தாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள், பேனாவைப் பார்த்தாள். "போட்டுட்டேனே மேடம், நீங்களே பாருங்க."

தேர்வாளரம்மா பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார். பிறகு, இதுவும் சொன்ன மாதிரிதான் என்று மார்க்கைப் போட்டார். மூக்கு உறிஞ்சியதற்கு ரப்பர் வாடையைக் காரணம் சொன்னார்.

மற்றவர்களின் தேர்வு வார்டுக்கு மாற்றப்பட்டது. புதுப் பொம்மை வாங்கினார்கள். அதன் மார்பில் பிள்ளையை நிஜமாகவே போடுகிறார்கள்; வரிசை நகராமல் மதியச் சாப்பாடு ஆறிப்போகிறது என்ற புகார் வருஷா வருஷம் உண்டு. இப்போது அங்கேயே வகுப்பெடுக்கும் ட்யூப்லைட் மேடத்துக்கு அந்தப் புகார் மறுநாள்தான் உறைக்கும். சீனியரக்கா ஜன்னலோரக் கட்டிலில் இருக்கிறாள். பிள்ளை ரப்பர்தான், மெதுவாகத்தான் வளர்கிறது. இப்போதுதான் குப்புற விழுந்திருக்கிறது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருவர் அந்தக் கட்டிலைக் காட்டி, பொம்மையா ஆளா என்று கேட்டார்.

"பொம்மைதான் சார்," என்றார் ஸ்டோர்கீப்பர், திரையை இழுத்துவிட்டபடி. "பால் குடுக்கிற நேரம். கொஞ்சம் பொறுத்து வாங்க."