அவசரப்படுத்தாத அஞ்சல்

வங்கியின் எச்சரிக்கை மின்னஞ்சல்களை எழுதுவது அவன் வேலை. பாஸ்வேர்டு கேட்கும் அஞ்சல் எங்களுடையதல்ல. உடனே செய், இல்லையேல் கணக்கு முடங்கும் என்று விரட்டுவது மோசடியின் முதல் அடையாளம். இப்படியே எழுதிவந்து கடைசியில் ஒரே வரியில் முடிப்பான்: “அவசரம் வேண்டாம், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு யோசியுங்கள்.” மேலாளர் சிரித்துக்கொண்டே அந்த வரியை விட்டுவைத்திருந்தார்.

அன்று மாலை அவன் செருப்பைக் கழற்றும்போதே, மனைவி தையல் இயந்திரத்திலிருந்து தலை தூக்காமல் சொன்னாள்.

“கணக்குல ஒண்ணுமில்லங்க.”

அதில் இருந்தது தையல் கடைக்கான முன்பணம். படுக்கையறையில் தைத்துத் தைத்துச் சேர்த்தது. திங்கட்கிழமை கொடுத்தால் கடைத்தெருவில் ஒரு சாவி அவள் கைக்கு வரும்.

அவன் வங்கிக்குப் பேசினான். கணக்கை முடக்கினார்கள். போன பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல இயலாது என்றார்கள். அந்த வாக்கியமும் அவன் எழுதிக் கொடுத்ததுதான்.

பிறகு அவள் போனை வாங்கிப் பார்த்தான். அனுப்பியவர் இடத்தில் வங்கியின் பெயர். அதைத் தொட்டதும் விரிந்த முகவரி வேறெதுவோ. உள்ளே அவனுடைய போன மாத அஞ்சல், அப்படியே. நடுவில் மட்டும் ஒரு புதிய பொத்தான்: ‘உங்கள் கணக்கின் பாதுகாப்பைச் சரிபார்க்க’.

“முகவரியப் பாருன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?”

“கடைசி வரியப் பாத்தேன். உங்க பேச்சு. தண்ணி கூடக் குடிச்சேன். அப்புறந்தான் அமுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு, போட்டேன்.”

செய்தி கேட்டு வந்திருந்த அவள் அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“ஊருக்கு உபதேசம் பண்றீங்களே மாப்ள. திருடன் கூட உங்ககிட்ட பாடம் படிச்சுட்டுப் போயிட்டான்.”

“சும்மா இருண்ணா.”

மேலாளர் அழைத்தார். இன்னும் பலர் ஏமாந்திருக்கிறார்கள். இன்றைக்கே புதிய எச்சரிக்கை வேண்டும். அவன் லேப்டாப்பைத் திறந்தான். பழக்கத்தில் விரல்கள் கடைசி வரியைத்தான் முதலில் அடித்தன. அழித்தான். வேறெதுவும் வரவில்லை.

உள்ளே அவள் கடையின் சொந்தக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

“வேற யாருக்காவது குடுத்துடுங்க. இல்லங்க, கடை பிடிச்சுதான் இருந்துச்சு. அவசரம் வேண்டாம், யோசிச்சு செய்யலாம்னு வீட்டுக்காரர் சொல்றாரு.”

சற்று நேரத்தில் தையல் இயந்திரம் மறுபடி ஓடத் தொடங்கியது.