வசனம் இல்லாத இடம்

"அண்ணே, முதல்ல மூச்ச மட்டும் எடுத்துடலாமா?" என்றாள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியரம்மா. விண்வெளிப் படம் என்றாலே அப்படித்தான், பேச்சைவிட மூச்சு அதிகம். ஹெல்மெட்டுக்குள் விடும் மூச்சு, தூக்கத்தில் விடும் மூச்சு, திரும்பப் போக முடியாது என்று தெரிந்தபின் விடும் மூச்சு என்று தனித்தனியாகக் கேட்பார்கள். வேற்றுமொழி நடிகர்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தே முப்பது வருடத்தை ஓட்டிவிட்டேன். அதில் விண்வெளிக்குப் போனவர்கள் மட்டும் ஏழு பேர். ஏழு பேரும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பார்கள். வீட்டில் இருந்தவரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டான். கோடி மைல் தள்ளிப் போனபிறகு சின்னச் சன்னல் வழியாகப் பூமியைப் பார்த்து உருகுவான். இவனை யார் போகச் சொன்னது என்று எனக்கு எரிச்சலாக வரும். அந்த எரிச்சல் முழுக்க அவன்மேல்தானா என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

இன்றைக்கு எட்டாவது ஆள். கப்பலில் தன்னந்தனியாக நான்கு வருடம். பூமியிலிருந்து மனைவி பேசி அனுப்புவது அவனிடம் வந்து சேர எட்டு மாதம் ஆகும். இவன் பக்கத்துக் கருவி பழுதாகிவிட்டதால் கேட்கத்தான் முடியும், பதில் சொல்ல முடியாது. எனக்கு வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

"மனைவியோட குரல் ஏற்கெனவே எடுத்தாச்சுண்ணே. அதக் கேட்டுக்கிட்டே பண்ணிடுங்க" என்றாள்.

ஹெட்போனை மாட்டினேன். முதல் சொல்லிலேயே தெரிந்துவிட்டது. அது என் மனைவியின் குரல்.

இருபது வருடம் ஒரே மைக்கின் முன்னால் நின்றவர்கள் நாங்கள். எனக்கு ஒரு கெட்ட பழக்கம். திரையில் ஓடுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்து என் வசனத்தைக் கோட்டை விட்டுவிடுவேன். அதனால் அவள் தன் வசனம் முடிந்ததும், தாள் வைக்கும் ஸ்டாண்டில் நகத்தால் இரண்டு தட்டுத் தட்டுவாள். உங்கள் முறை என்று அர்த்தம். அவள் இருந்தவரை நான் ஒரு வசனத்தையும் தவறவிட்டதில்லை.

வீட்டுக்கு வந்தால் கதையே வேறு. தொண்டைக்கு ஓய்வு என்று கழுத்தில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்துவிடுவேன். அவள் சமையலறையிலிருந்து அன்றைய நாளை ஒன்று விடாமல் சொல்வாள். நான் தலையை ஆட்டுவேன். சமையலறையிலிருந்து பார்த்தால் என் தலை தெரியாது என்பது எனக்கு உறைத்ததே இல்லை. "ஒரு ம் கொட்டினா குரல் தேஞ்சா போயிடும்?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள். ஆறு வருடத்துக்கு முன்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றபோது, "செவுத்துக்கிட்ட பேசினாக்கூட கொஞ்சம் எதிரொலிக்கும்" என்றாள். அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. மறுநாள் எனக்குப் பெரிய ரெக்கார்டிங் இருந்தது.

அதிலிருந்து அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். ஸ்டுடியோவிலும் ஒவ்வொருவரையும் தனித்தனி நாளில் வரவழைத்துப் பதிவுசெய்யும் வழக்கம் வந்துவிட்டது. முகத்தில் முழிக்க வேண்டிய அவசியம் இரண்டு பேருக்கும் இல்லாமல் போனது.

திரையில் அவன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மிதந்தான். அவனுக்கு முன்னால் சின்னத் திரையில் அந்த வெளிநாட்டு நடிகை என் மனைவியின் குரலில் பேசினாள்.

"தோட்டத்துக் குழாய் ஒழுகுது. நீ இருந்தா சரி பண்ணியிருப்பன்னு சொல்ல மாட்டேன். பண்ணியிருக்க மாட்ட. ஆனா பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டாவது இருந்திருப்ப."

டக், டக்.

"ம்" என்றேன்.

படம் நின்றது. "அண்ணே, அங்க உங்களுக்கு வசனம் இல்ல" என்றாள் இன்ஜினியரம்மா.

தெரியும் என்று கையைக் காட்டினேன். மறுபடியும் ஓட்டினாள். மறுபடியும் அந்தக் குழாய், அந்த இரண்டு தட்டு, என் வாயிலிருந்து அதே "ம்". மூன்றாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்படியும் மூக்கு வழியாக வந்துவிட்டது.

"தட்டுற சத்தம் அப்படியே இருக்கேம்மா. எடுக்கலையா?"

சற்று நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு அவளே உள்ளே வந்தாள். ரெக்கார்டிங் நடுவில் அவள் நாற்காலியை விட்டு எழுந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா முழுப் படத்தையும் ஒரே நாள்ல முடிச்சாங்கண்ணே. படத்துல புருஷனுக்கு யாரு பேசறான்னு கேட்டாங்க, சொன்னேன். சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொரு வசனத்துக்கும் கடைசில தட்டுனாங்க. வெட்டிடணும்னுதான் இருந்தேன், கை வரல."

"ஏன்?"

"உங்களுக்கு நெஜமாவே தெரியாதா?"

என் மனைவிக்குத் தொண்டையில் கட்டி. பத்து நாளைக்கு முன்னால் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிட்டார்களாம். உயிருக்குப் பயமில்லை, பேச்சு மட்டும் இனிமேல் கிடையாது. இன்ஜினியரம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டுதான் இதையெல்லாம் சொன்னாள்.

"என்கிட்ட சொல்ல வேணாம்னாளா?"

"'கேட்டாருன்னா சொல்லு'ன்னாங்க. நீங்க கேக்கவே இல்லையேண்ணே."

முப்பது வருடமாக வெந்நீர் ஊற்றி ஊற்றிக் காப்பாற்றிய தொண்டை இங்கே பத்திரமாக இருக்கிறது. யாருக்காகக் காப்பாற்றினேன்? ஏழெட்டுப் பேர் விண்வெளியில் மூச்சு விடுவதற்காக. சற்றுமுன் காதுக்குள் அவ்வளவு பக்கத்தில் பேசிய குரல் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை. அழுகை முட்டியது. தொண்டை கட்டிவிடுமே என்று வழக்கம்போல அடக்கப் பார்த்தேன். பிறகு போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். இன்ஜினியரம்மா என் ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள்.

"அந்த ஷாட்ல அவன் முதுகுதான் தெரியுது. உதடு தெரியாது. நீங்க ம் சொன்னா ஒருத்தனும் ஏன்னு கேக்க மாட்டான். இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரும்பிப் போய் அதைச் சேமித்தும் வைத்தாள்.

படம் வெளிவர எப்படியும் ஆறேழு மாதம் ஆகும். அதற்குப் பிறகு என் மனைவி அதைப் பார்க்க வேண்டும், அந்த இடத்தில் காது கொடுத்துக் கேட்க வேண்டும். அதுவரை காத்திருந்தால் எனக்கும் அந்த முதுகுக்காரனுக்கும் வித்தியாசமே இருக்காது. பத்து நிமிஷம் என்று சொல்லிவிட்டு வெளியே நடைபாதைக்கு வந்தேன். அவள் நம்பரை அழிக்காமல்தான் வைத்திருந்தேன். ஆறு வருடமாக அதை ஒரு பெருமைபோல நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது மணியில் எடுத்தார்கள். யாரும் பேசவில்லை. ஒரு மூச்சு மட்டும் கேட்டது. கரகரவென்று, எங்கேயோ கீழேயிருந்து வருவது போல. எத்தனையோ விதமான மூச்சை விட்டுக் காட்டியிருக்கிறேன், இந்த மூச்சை நான் கேட்டதில்லை.

"நான்தான்" என்றேன்.

இந்த மாதிரி நேரத்தில் யாராவது எழுதிக் கொடுத்து, நான் படித்துத்தான் பழக்கம். மூடியிருந்த ஸ்டுடியோ கதவுக்கு மேலே, ரெக்கார்டிங் நடக்கும்போது எரியும் சிவப்பு விளக்கு எரியாமல் இருந்தது. போனை வைத்துவிடப் போகிறாள் என்று பயந்தேன்.

டக், டக்.

நகத்தால்தான். போனின் முதுகில் தட்டியிருக்க வேண்டும்.

கையில் தாள் இல்லை.

"வீட்டுல... சமையலறைக் குழாய் ஒழுகுது" என்றேன். "ரெண்டு மாசமாச்சு. கீழ ஒரு வாளி வெச்சிருக்கேன். காலைல எந்திரிச்சா அது நெறைஞ்சு தளும்பிக்கிட்டு நிக்குது."

அந்தப் பக்கம் மூச்சு ஒரு கணம் நின்றது. பிறகு, மெதுவாக, டக், டக்.